சுண்டுவின் தலை

எங்கள் வீட்டுக் குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சப்பையாகிக்கொண்டு வருவதை முதலில் பார்த்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டித் துடைத்து மடியில் போட்டிருந்தேன். மேலிருந்து குனிந்து பார்த்தால் வலது பக்கப் பின்மண்டை தட்டையாக இருந்தது. அந்தப் பக்கத்துக் காது, இடது காதைவிட ஒரு நூல் முன்னால் தள்ளி நின்றது. நான் மெத்தைப் பட்டறையில் ஃபோம் வெட்டுகிறவள். நேராக இருக்க வேண்டியது கோணலாக இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"இங்க வா, இதப் பாரு" என்று தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டேன்.

வந்தாள். பார்த்தாள். "தெரியும் அண்ணி" என்றாள். துண்டோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெரியுமாம்! தெரிந்துமா இப்படி விட்டு வைத்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அந்த வீட்டில் நான் வாயை அடக்கப் பழகியிருந்தேன். பழக்கியது துக்கம். இவளுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். மூன்றாம் மாதத்தில் ஒரு பகலில், தூக்கத்திலேயே போய்விட்டான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. காரணம் தெரியவில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவனை நாங்கள் பெரியவன் என்றுதான் சொல்வோம். மூன்று மாதத்தில் போனவனுக்குப் பெரியவன் என்று பேர். கொடுமை, வேறென்ன.

அதற்கப்புறம் வந்தவள் இந்தச் சுண்டு. பிறந்த அன்றைக்கே என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள், அதனால் அந்தப் பேர். அவளுக்கும் இப்போது மூன்றாம் மாதம். தம்பி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில்தான் குடித்தனம். நான் கூடவே இருக்கிறேன். எனக்கென்று குடும்பம் ஏன் இல்லை என்று கேட்டால் கோபம் வரும், கேட்காதீர்கள்.

கம்பி அடைத்த குழந்தைக் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குழந்தைக்கு வலது பக்கம் ஒரு நாற்காலியில் இவள் உட்கார்ந்திருப்பாள். எந்நேரமும். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் அசையாமல் கிடந்தால் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாள். சுண்டு மல்லாந்துதான் கிடப்பாள், ஒருக்களிக்கக்கூட அம்மா விடமாட்டாள். இடுப்பில் வைத்துக்கொள்வது, தோளில் சாய்ப்பது எல்லாம் பால் கொடுத்த கையோடு சரி. கண்ணெதிரே மல்லாந்து கிடந்தால்தான் அவளுக்கு உயிரே வந்தது.

சும்மா இருக்க என்னால் முடியுமா? பட்டறையில் மிச்சம் விழுந்த மெத்தென்ற ஃபோமில் வளையமாக ஒரு தலையணை வெட்டினேன். நடுவில் மண்டை உட்காரக் குழி. பழைய பருத்தித் துணியில் உறை தைத்து, ஓரத்தில் குழந்தைக்கு உறுத்தாமல் மடிப்பு அடித்தேன். "என்னக்கா, மருமகளுக்குச் சிம்மாசனமா?" என்று பக்கத்து மெஷின்காரி கிண்டல் பண்ணினாள். "ஆமாண்டி, உனக்குப் பொறாமையா?" என்றேன். உண்மையாகவே பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியில் பூப்போல வைத்தேன். சமையலறையிலிருந்து இவள் வந்தாள். ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கி, மறுகையால் தலையணையை உருவி, ஜன்னல் வழியே தெருவில் எறிந்தாள். அது கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சீட்டில் போய் விழுந்தது. அந்த மனுஷன் யாரோ தனக்கு மெத்தை கொடுத்ததாக நினைத்து அதன் மேலேயே உட்கார்ந்து வேலைக்குப் போய்விட்டார்.

"என்ன, கை ரொம்ப நீளுது?" என்றேன்.

"கட்டிலுக்குள்ள எதுவும் வரக் கூடாது."

"எதுவுமா? நான் என்ன பாம்பையா கொண்டுவந்து விட்டேன்?"

"எதுவும்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. எல்லாம் குழந்தை மூலமாகத்தான். "சுண்டு, சாப்பாடு ஆறுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பேன். "அத்தைக்குச் சாவி ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்லு சுண்டு" என்பாள் அவள். பாவம், மூன்று மாதக் குழந்தை இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்தது.

தடுப்பூசி போடுகிற அன்று ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகத்தான் போனோம். டாக்டர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பிசியோதெரபி செய்கிற ஒரு பெண் இருந்தாள். பாயில் குழந்தையைக் கிடத்தி, ஒரு கிலுகிலுப்பையை வலமும் இடமுமாக ஆட்டினாள். வலது பக்கம் தலை சட்டென்று திரும்பியது. இடது பக்கம் பாதியில் நின்றுவிட்டது.

"இடது கழுத்துத் தசை இறுகியிருக்கு. அதான் ஒரே பக்கமா படுக்கிறா, அந்தப் பக்கம் சப்பையாகுது" என்றாள். அப்புறம் இவளைப் பார்த்து, "கட்டிலுக்கு எந்தப் பக்கம் உக்காருவீங்க?" என்று கேட்டாள்.

இவள் வலது கையைக் காட்டினாள்.

"ரொம்ப நேரமா?"

"எப்பவும்."

"அதான் விஷயம். நீங்க அவளயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவ உங்களயே பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

நான் சும்மா இராமல் தலையணை பற்றிக் கேட்டுத் தொலைத்தேன். "ஐயய்யோ, தலையணையே கூடாதும்மா. முகம் அதுல பொதஞ்சா மூச்சு அடைச்சிடும். தூங்கும்போது வெறும் மெத்தை, மல்லாக்கப் படுக்கணும், அவ்வளவுதான்" என்றாள் அந்தப் பெண். இவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து முறைத்திருந்தால்கூடத் தேவலை போல இருந்தது.

"கட்டில்ல தலைமாட்ட மாத்திப் போடுங்க, உங்களப் பாக்க இடது பக்கம் திரும்புவா. கழுத்துக்கு நான் பயிற்சி சொல்லித் தரேன். அப்புறம் முக்கியமா, முழிச்சிருக்கும்போது நீங்க பக்கத்துல இருந்துக்கிட்டு இப்படிக் குப்புறப் போடணும்" என்று சொல்லிக் குழந்தையைப் புரட்டப் போனாள். புரட்டி முடிப்பதற்குள் இவள் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குப்புற வேண்டாம்."

"பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல..."

"வேண்டாம்னா வேண்டாம்" என்றவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டாள்.

பெரியவனைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். அவள் கிலுகிலுப்பையைக் கீழே வைத்தாள். "மூளைக்கு ஒண்ணும் ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனா இந்தக் கழுத்த இப்படியே விடக் கூடாது. மண்டை இப்ப மெத்துனு இருக்கு, இந்தச் சில மாசத்துலதான் சொன்னபடி கேக்கும். அப்புறம் கெட்டிப்பட்டுடும். எப்படியாவது அவங்கள செய்ய வைங்க" என்றாள். எப்படியாவதாம். ஃபோம் என்றால் வெட்டிவிடுவேன், மனுஷியை என்ன செய்வது?

தலைமாட்டை மாற்றுவதற்கு மட்டும் இவள் ஒத்துக்கொண்டாள். மாற்றிப் போட்டதும், நாற்காலியை நகர்த்தாமலே அம்மா குழந்தைக்கு இடது பக்கத்துக்கு வந்துவிட்டாள். சுண்டு அவளைத் தேடினாள். கண்மணி இரண்டும் ஓரத்துக்குப் போயின, கழுத்து கூடவே போகவில்லை. உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அழட்டும், திரும்பிவிடுவாள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், இவள் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டு, அந்த இடுக்கில் போய் நின்றுகொண்டாள். மறுபடியும் குழந்தைக்கு வலது பக்கம். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்தபோது, திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். "அவள வற்புறுத்தாதக்கா. கொஞ்ச நாள் போகட்டும்" என்றான்.

"உன் பொண்டாட்டி மனசு ஆறுற வரைக்கும் உன் பொண்ணு மண்டை காத்துக்கிட்டு இருக்குமாடா?" என்று கேட்டேன்.

அடுத்த விடுமுறை அன்று, பகல் வெளிச்சம் கூடமெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. இவள் குளிக்கப் போனாள். நான் தரையில் மல்லாந்து படுத்து, முழித்துக்கொண்டிருந்த சுண்டுவை என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டேன். என் கழுத்துச் சங்கிலியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். "ஏய் திருடி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் வந்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குழந்தையை என் மேலிருந்து வாரி எடுத்து, தலையைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். ஈரத்தலை சொட்டச் சொட்ட நின்றாள். சுண்டு வீறிட்டாள்.

"அறிவு இருக்கா உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு, உனக்குத்தான் இல்ல! முழிச்சிருக்கிற குழந்தைடி. என் மேலதான் கெடந்தா. அவ கழுத்து திரும்பலயே, உன் கண்ணுக்குத் தெரியலயா? நீ அம்மாவா, இல்ல..." மேற்கொண்டு என்ன சொல்ல வந்தேனோ, நல்லவேளை, வரவில்லை.

"திரும்பலன்னா போகட்டும். தலை கோணலா இருந்தா இருக்கட்டும். உசுரோட இருந்தா எனக்குப் போதும்." தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவன் இப்படித்தான் கெடந்தான் அண்ணி."

பெரியவன் போனதிலிருந்து, அந்த நாளைப் பற்றி அவள் வாயைத் திறந்தாலே நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அடைத்துவிடுவோம். 'அதையெல்லாம் நினைக்காதே' என்போம். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டோம், எங்களுக்குத் தாங்காது என்பதுதான் நிஜம். அன்றைக்கு நான் எழுந்து கதவைச் சாத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன். "எப்படிக் கெடந்தான்?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அவனுக்கும் தலை சப்பையாச்சு. பின்னால. பாக்கிறவங்க எல்லாம் சொன்னாங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககூடத் தலையத் தடவிப் பாத்துட்டுக் குப்புறப் போடும்மா, உருண்டையாயிடும்னாங்க. எனக்கும் ஆசை. அழகா இருக்கணும்னு. அன்னைக்குத்தான் மொதல்ல போட்டேன். அழவே இல்ல. நல்லா தூங்குறான்னு எனக்கு ஒரே சந்தோஷம். துணி தொவச்சேன். தலை வாரிக்கிட்டேன். அப்புறம் வந்து திருப்பினேன்."

அவள் முகத்தில் ஒட்டியிருந்த ஈரமுடியை ஒதுக்கிவிட்டேன்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எப்படிப் படுத்திருந்தான்னு கேட்டாரு. மல்லாக்கன்னு சொன்னேன். உங்க தம்பிகிட்டயும் அதத்தான் சொன்னேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தலைக்காகத்தான் போட்டேன் அண்ணி. தலை அழகா இருக்கணும்னு."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது, திட்டத்தான் வரும். அவள் ஈரத்தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "அதனாலதான் போனான்னு எந்த டாக்டராலயும் அடிச்சு சொல்ல முடியாது. நீ அவன் நல்லா இருக்கணும்னு போட்ட. கெடுதல் நெனச்சுப் போடல" என்றேன்.

"சும்மா என்னைத் தேத்தாதீங்க."

"நான் என்னைக்கு யாரைத் தேத்தியிருக்கேன்? உனக்குத் தெரியாதா என்னை?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். பெரியவன் செத்ததற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். எங்கள் சத்தத்தில் சுண்டு தன் அழுகையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு, "அந்தப் பொண்ணு எப்படிப் போடச் சொன்னா?" என்று அவளாகவே கேட்டாள்.

"தூங்குறப்ப எப்பவும் மல்லாக்க. அதுல நீ சொல்றதுதான் சரி, நான்தான் தலையணையோட வந்த முட்டாள். முழிச்சிருக்கிறப்ப, நாம கண்ணு எடுக்காம பக்கத்துல இருக்கிறப்ப, குப்புற. கொஞ்ச நேரம் போதும். அழுதா தூக்கிடலாம்."

தரையில் ஒரு விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தேன். அவள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை, என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். கடைசியில் குனிந்து, முதலில் மார்பு, அப்புறம் வயிறு என்று மெதுவாகக் கிடத்தினாள். குழந்தையின் கைகளை முன்னால் எடுத்து வைத்தாள். பிறகு தானும் எதிரே குப்புறப் படுத்து, மோவாயைத் தரையில் வைத்துக்கொண்டாள்.

சுண்டுவின் மூக்கு விரிப்பில் முட்டியது. இவள் கை பாதி தூரம் போய்விட்டது.

"மூச்சு விடுறாளா அண்ணி?"

"முனகுறா பாரு. மூச்சு விடாமயா முனகுவா? கொஞ்சம் பொறு."

தலை எழுந்தது. தள்ளாடியது, விழுந்தது, மறுபடியும் எழுந்தது. அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததும் சுண்டுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை; வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். இவள் தரையில் தேய்த்துக்கொண்டே மெல்ல இடது பக்கமாக நகர்ந்தாள். குழந்தையின் கண் போனது. கொஞ்சம் தயங்கி, கழுத்தும் பின்னாலேயே போனது. முழுசாக இல்லை, கொஞ்சம். நான் கை தட்டப் போனேன்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தரையில் பதித்துக்கொண்டு, குழந்தை மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"முழிச்சிருக்கிறப்பன்னு யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி. அத்தனை பேர் குப்புறப் போடுன்னு சொன்னாங்க. ஒருத்தராவது அதையும் சேத்து சொல்லியிருக்கலாமே."