இடம் மாறிய மச்சம்

கண்காட்சியைப் பதினொரு மணிக்குத் திறக்க வேண்டும். ஒன்பது மணிக்கு அண்ணன் சிலையின் மேலிருந்த சாக்கை உருவினான். தங்கை கிட்டே போய்ப் பார்த்தாள்.

அம்மாவின் தலை. பிளாஸ்டரில் வார்த்து, மண் நிறம் பூசியிருந்தான். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாளே, அதே பார்வை. மச்சம் மட்டும் இடக் கன்னத்தில் இருந்தது.

பின்சுவரில், தங்கை வரைந்த அம்மாவின் எண்ணெய்ச் சித்திரத்தில், அது வலக் கன்னத்தில் இருந்தது. அம்மாவுக்கு இருந்ததும் அங்கேதான்.

"என்ன கொசு, பேச்சையே காணோம்?"

"அப்படியே அம்மாதான், அண்ணா."

அவள் பொய் சொன்னதற்கு ஒரு மாடு காரணம். எட்டு வயதில், அண்ணன் செய்த களிமண் மாட்டைப் பார்த்து, "காது கரண்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மாடு சுவரில் மோதிச் சப்பையானது. இரண்டு நாள் அவன் அவளிடம் பேசவில்லை. வளர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. யாரோ ஒருவர் உதட்டைப் பிதுக்கியதற்கு ஒன்பது சிலைகளை உடைத்துவிட்டு, ஆறு வருடம் மண்ணைத் தொடாமல் இருந்தான். அம்மா போன பிறகு, இந்தத் தலைக்காகத்தான் மறுபடி தொட்டான். இருவரும் சேர்ந்து வைக்கும் முதல் கண்காட்சி இது. வருகிறவர் யாராவது இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுத்தியல் மேஜைக்கு அடியிலேயே கிடந்தது.

எப்படித் தவறினான்? யோசிக்க யோசிக்க அந்தப் பழைய அறை கண்முன் வந்தது. தையல் மெஷின், அதற்கு எதிரே கண்ணாடி பதித்த பீரோ. பீரோவின் காலடியில் உட்கார்ந்து அவள் அம்மாவை நேருக்கு நேர் வரைவாள். மெஷின் சத்தம் நின்றால் பென்சிலும் நிற்கும். அண்ணனை அம்மா கிட்டவே விடமாட்டாள். "மண்ணு கையோட துணிகிட்ட வந்தே, தோலை உரிச்சுடுவேன்!" அவன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பிசைவான். அங்கிருந்து அவனுக்குத் தெரிந்தது பீரோக் கண்ணாடியில் இருந்த அம்மா. பத்து வருடம் அவன் பார்த்தது இடம் வலம் மாறிய அந்த முகத்தைத்தான்.

அண்ணன் டீ குடிக்கப் போனான். அவள் வண்ணப் பெட்டியைத் திறந்தாள். வலக் கன்னத்து மச்சத்தைத் தோல் நிறத்தால் மூடி, இடக் கன்னத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி வைத்தாள். "மன்னிச்சுக்கோம்மா" என்று முணுமுணுத்துவிட்டு, அப்பாவை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

அப்பா உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, மச்சம் எப்போ அந்தப் பக்கம் போச்சு?"

அவள் சிலையைத் திரும்பிப் பார்த்தாள். மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. இடக் கன்னத்தில், செதுக்கி எடுத்த இடத்தில், மிளகு அளவுக்கு பிளாஸ்டர் வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணா, என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"நேத்து உன் படத்தை மாட்டும்போதே தெரிஞ்சுபோச்சு, நான்தான் தப்புன்னு. காலையில நீயே சொல்லுவேன்னு பாத்தேன். கூசாம புளுகினே. அதான் நீ பஸ் ஸ்டாப்புக்குப் போனதும் உளியை எடுத்து, மச்சத்தை இந்தப் பக்கம் மாத்தி ஒட்டிட்டேன்." அவன் படத்தை இப்போதுதான் பார்த்தான். "அடிப்பாவி!"

"சொன்னா உடைச்சிடுவியேன்னு பயந்தேன்."

அண்ணன் மேஜைக்கு அடியில் கையைக் காட்டினான்.

"உளிக்கு முன்னாடி சுத்தியலைத்தான் எடுத்தேன், கொசு. அம்மா தோலை உரிச்சுடுவேன்ற மாதிரி பாத்தாங்க. எடுத்த இடத்துலயே வெச்சுட்டேன்."

"ஒரே ஒரு மச்சம்," என்றார் அப்பா. "அதை வெச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தா. நீங்க ரெண்டு பேரும் அவளைப் படுத்தற பாடு இருக்கே!"

அண்ணன் சிரித்துவிட்டான். டர்பன்டைனில் நனைத்த துணியை அவளிடம் நீட்டினான். ஈர வண்ணத்தைத் துடைத்ததும், அடியில் காய்ந்திருந்த பழைய மச்சம் சேதமில்லாமல் வெளியே வந்தது.

"அப்படியே என் வெள்ளையையும் மூடிடு. உன்கிட்டதான் பழுப்பு இருக்கே."

அவள் தூரிகையைச் சிலையின் இடக் கன்னம் வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"இருக்கட்டும், அண்ணா. நீ அங்கேதானே பாத்தே."

அவன் சுத்தியலைப் பைக்குள் போட்டான். அப்பா கதவைத் திறக்கப் போனார்.