திரையில் இருந்த பெயர்

உருகிய ஈயம் மறுபடியும் கம்பியில் ஒட்டாமல் மேசையில் உருண்டது. டெஸ்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஈயத்துக்காக அல்ல.

"முதல்ல கம்பிய சூடு பண்ணுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் கிளிஃப்டன். "ஈயத்த ஏன் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?"

அவளுடைய தம்பி நேற்றுக் காலை இறந்துபோயிருந்தான். ரேஞ்சர் அலுவலகத்தின் எட்டு கைரேடியோக்களும் அவன் பொறுப்பில் இருந்தன. எதைப் போட்டாலும் திரையில் முதலில் அவன் பெயர்தான் வரும். விளையாட்டாக அப்படி வைத்திருந்தான். அவர்கள் பழங்குடி வழக்கத்தில் இறந்தவர் பெயரை, பெரியவர்கள் சரி என்று சொல்லும்வரை, யாரும் சொல்லவும் கூடாது, காட்டவும் கூடாது. ஓரிரு வருஷம்கூட ஆகலாம். அதனால் இந்தக் கதையிலும் அது வராது.

மத்தியானம் அம்மா வந்துவிடுவாள். சொந்தக்காரர்களின் வண்டிகளுக்கு வழிகாட்ட ரேடியோ இல்லாமல் முடியாது. பெயரை மாற்ற, ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிள் வேண்டும். தம்பி செய்திருந்ததைப் போன மாதம் நாய் குதறிவிட்டது. பக்கத்து நகரமான ஆலிஸுக்குப் போய் வாங்கலாமென்றால் நானூறு கிலோமீட்டர்.

"திரைமேல டேப் ஒட்டிட்டா?"

"ஒட்டினா மட்டும்? அடியில அவன் இருப்பான்ல."

கிளிஃப்டன் டேப் சுருளை ஓரமாக வைத்தான்.

பழைய போன் கேபிளை வெட்டி, அதன் மூன்று கம்பிகளை இயர்போன் முனையில் பற்றவைத்தாள். செருகினாள். ரேடியோவிடமிருந்து பதில் இல்லை என்றது கம்ப்யூட்டர். மூன்று தடவையும் அதேதான். தம்பி இதைச் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள், ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நீங்களும் எங்கண்ணனும் சண்டை போடுற மாதிரியே இருக்கு," என்றான் கிளிஃப்டன். "ரெண்டு பேரும் பேசுறாங்க, ஒருத்தரும் கேக்கல."

டெஸ்லி சிரித்துவிட்டாள். இன்றைக்குப் போய்ச் சிரித்தோமே என்று கூசியது. பிறகுதான் உறைத்தது. ரேடியோவின் பேசும் கம்பியைக் கம்ப்யூட்டரின் பேசும் கம்பியோடு இணைத்திருந்தாள். ஒன்று பேசுவதை மற்றது கேட்கும்படி இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தாள்.

இப்போது ரேடியோ பதில் தந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்துக்குள் தம்பியின் பெயர். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். அம்மாவைக் காப்பாற்றுகிறோமா, தம்பியைத் துடைத்துப்போடுகிறோமா என்று அவளுக்கு விளங்கவில்லை. இப்படியே ஏழு ரேடியோக்களிலும் அழித்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். பெயர் இல்லாமல் வெறும் வெளிச்சம் வந்தது.

எட்டாவதைச் செருகியபோது விரல் நகரவில்லை. கிளிஃப்டன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். பேட்டரியைக் கழற்றி, பெயர் உள்ளே இருக்கும்படியே ரேடியோவைத் தன் பைக்குள் வைத்தாள். செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை.

வெளியே முதல் வண்டி ஹாரன் அடித்தது. கிளிஃப்டன் ஓடிவந்து ரேடியோக்களை வாரிக்கொண்டான். ஒருமுறை எண்ணினான், மறுமுறையும் எண்ணினான்.

"எட்டு இருந்துச்சே அண்ணி?"

"ஏழுதான்."

அவன் பையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா, ஏழுதான்," என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் இறங்கினான்.