ஹாத்தி

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த கிளிஃபர்ட்டுக்கு மூளை செத்துவிட்டது என்றார்கள். எங்களுக்கு ஒரே மகன். மனைவி அமலம்மாள் சொன்னாள் என்று உறுப்பு எடுக்க நான்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மலாயில் நன்றிக் கடிதம் வந்தது. எடுத்தவை: இரண்டு சிறுநீரகம், ஹாத்தி.

அமலம்மாள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹாத்தி என்றால் இதயம் என்று அவளுக்கு நினைப்பு. மலாய்ப் பாட்டில் எல்லாம் அப்படித்தான் வருகிறது. பசாரில் கோழி ஹாத்தி வாங்குகிறவன் நான். அது ஈரல். சொல்ல வாய் வரவில்லை.

"எங்கயோ துடிச்சிக்கிட்டு இருக்குங்க. நல்லா இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்பாள்.

எனக்கு உறுத்தியது வேறு. எடுத்தது என்று எழுதியிருந்தார்கள். கொடுத்தது என்று எங்கேயும் இல்லை. முப்பது வருடம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன் நான். கப்பலில் இருந்து இறங்கியதெல்லாம் கடைக்குப் போய்ச் சேராது.

மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு வந்தேன். நாலாவது தடவை கவுண்டரில் ரூபினி என்று ஒரு தமிழ்ப் பெண்.

"யாருக்குப் போச்சுன்னு சொல்லக் கூடாது அங்கிள். ரூல்ஸ் லா."

"பேரு வேணாம்மா. போச்சா இல்லையா, அதச் சொல்லு."

"லெட்டர்ல இருக்குமே."

"எடுத்தோம்னுதான் இருக்கு. மீன் வாங்கினேன்னு சொன்னா ஆக்கித் தின்னேன்னு அர்த்தமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"கிட்னி ரெண்டும் வெச்சாச்சு. ஹாத்தி டெஸ்ட்ல சரியில்ல அங்கிள். யூஸ் பண்ணல."

"அப்ப எங்க அது?"

"எரிச்சிருப்பாங்க."

"ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"யாரும் கேக்கறதில்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் நன்றாக இருக்கட்டும். அமலம்மாள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. மகனை முழுசாகப் புதைத்தேன் என்றுகூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுத்திருந்தால் அதையும் குழியில் வைத்திருப்பேன். குப்பையோடு எரித்திருக்கிறார்கள்.

வீட்டுக் கதவைப் பிடித்தபடி அமலம்மாள் நின்றாள்.

"சொன்னாங்களா?"

"சொல்லக் கூடாதாம். ரூல்ஸாம்."

ஆஸ்பத்திரிக்காரன் மாதிரியே சொன்னேன். அவள் முகம் தெளிந்தது.

"அப்ப யாருக்கோ ஓடுதுன்னுதானே அர்த்தம். அடுத்த மாசம் இன்னொரு தடவ கேளுங்க."

கேட்கிறேன் என்றேன்.