அமுங்கிய கட்டைவிரல்

லூஷியஸ் டாலிவருக்கு நான் அறுபத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட் தரவேண்டியிருந்தது. தடித்த நாலு கம்பி போட்ட அவனுடைய பழைய பேஸ் கிட்டாரை வாங்கியதில் நின்றுபோன பாக்கி. அந்த வசந்தத்தில் கார்கள் விற்கவில்லை. டேட்டனில் எங்கள் கார்த் தொழிற்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். லூஷியஸ் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தான். சொந்தமாக ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தான். திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றான்.

"லியோட்டிஸ், நம்ம பேஸ்காரன் டெட்ராய்ட்டுக்கு ஓடிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் யூனியன் ஹால்ல மீன் வறுவல் விருந்து, பாட்டு, ஆட்டம் எல்லாம் இருக்கு. நீ வந்து வாசி. சரியா வந்துச்சுன்னா பாக்கியப் பத்திப் பேசிக்கலாம். வரலன்னா கிட்டார என்கிட்டயே குடுத்துடு."

"வாசிச்சாப் போச்சு."

"விரலால தடவுறது இல்லப்பா. கட்டைவிரலால அடிக்கணும். ஜனங்க இப்ப அதுக்குத்தான் ஆடுறாங்க."

அதைத்தான் நான் ஒரு மாதமாக அடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் கேட்டால் அந்த அடி முரசு போல விழுந்து, மணி போல நிற்கும். என்னுடையது 'டொக்' என்று விழுந்த இடத்திலேயே செத்தது. கிட்டாரின் கழுத்து முடிகிற இடத்தில்தான் அடித்தேன். கதவுப் பிடியைத் திருப்புகிற மாதிரிதான் மணிக்கட்டைத் திருப்பினேன். மெல்லிய கம்பியை ஆள்காட்டி விரலால் சுண்டினால் அதுமட்டும் ஒழுங்காகச் சொடுக்கியது. கட்டைவிரலில் என்ன பிழை என்று புரியவில்லை. கம்பியில் அழுக்கு ஏறியிருக்கும் என்று கழற்றி வெந்நீரில் கொதிக்கப் போட்டேன். பேஸ்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது அர்டெல்லா கீரை வேகவைக்கிற பானை.

"என்னய்யா இது, கம்பி சூப்பா?" என்றாள் என் மனைவி.

"அழுக்கு போனாச் சத்தம் வரும்."

"நாளைக்குக் கீரைல இரும்பு வாசம் வந்தா உன் தட்டுலதான் கொட்டுவேன்."

கம்பி பளபளத்தது. சத்தம் வரவில்லை.

வியாழக்கிழமை அவள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் அவளும் எங்கள் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நின்றவள். என் கையையே பார்த்தாள்.

"பட்டனா அமுக்குற?"

"என்ன பட்டன்?"

"பிரஸ் பட்டன்யா. அடிச்சிட்டு விரல எடுக்க மாட்டேங்குற. அச்சு இறங்கி முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்க."

பிரஸ்ஸில் இரண்டு உள்ளங்கையும் இரண்டு பொத்தானில் இருக்கவேண்டும். அச்சு இறங்கி முடியுமுன் கையை எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும், ஃபோர்மன் வந்து ஏசுவான். பதினோரு வருடம் அப்படியே நின்ற கை என்னுடையது. கம்பியிலும் காத்திருந்திருக்கிறது. கம்பியில் பட்டவுடன் விரலை எடுத்துப் பார்த்தேன். பானை மூடி அதிர்கிற அளவுக்குக் கம்பி மணி போல ஒலித்தது. வெள்ளி முழுவதும் அடித்து விரல் வீங்கியது. கிட்டார் இனி என் வீட்டில்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஹாலில் முதல் மூன்று பாட்டிலும் ஒவ்வொரு அடியும் ஒலித்தது. ஜனம் ஆடியது. இடைவேளையில் லூஷியஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான்.

"டேய், அந்த டொக்கு எங்கடா?"

"எந்த டொக்கு?"

"ஒரு மாசமா சுவர் வழியாக் கேட்டேனே. யாரோ கழுத்தப் பிடிச்ச மாதிரி சட்டுனு நிக்குமே."

"அது தப்பு. சரி பண்ணிட்டேன்."

"உன்ன யாருடா சரி பண்ணச் சொன்னது? அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

மறுபடி மேடை ஏறினேன். விரலை எடுக்கவா, வைக்கவா? அமுக்க நினைத்தால் விரல் தானாகத் துள்ளியது. துள்ளட்டும் என்று விட்டால் பிரஸ் ஞாபகம் வந்து ஒட்டிக்கொண்டது. எது எப்போது வரும் என்று எனக்கே தெரியவில்லை. முரசுக்காரன் என்னை முறைத்தான். மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி அடி செத்த இடத்தில் முழங்கால் மடக்கி அப்படியே நின்றாள், ஒலித்த இடத்தில் சுழன்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் பின்னால் ஒரு வரிசையே அப்படி நின்று நின்று சுழன்றுகொண்டிருந்தது.

முடிந்ததும் கிட்டாரைத் துடைத்து லூஷியஸிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்துச்சா?" என்றேன்.

"தெரியலடா. பாதில நீ தப்புப் பண்றன்னு நினைச்சேன், அப்புறம் நாங்கதான் தப்போன்னு நினைச்சேன். அதை மறுபடி வாசிப்பியா?"

"எப்படி வாசிச்சேன்னே தெரியல."

"அடுத்த சனிக்கிழமையும் வா, பாப்போம்."

"அறுபத்திரண்டரை?"

"அத விடு. தீந்துபோச்சு," என்று வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.