காலியாக விட்ட கட்டம்

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்குத் தத்தெடுப்பு அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார். கணவன், மனைவி இருவரும் இருந்தாக வேண்டும். ஒருவர் இல்லாவிட்டாலும் மனு வரிசையின் வாலுக்குப் போய்விடும். ஏற்கெனவே மூன்று வருடக் காத்திருப்பு!

"ஃபேக்டரி சார், க்ளையண்ட் மீட்டிங் மூணரைக்கு மாறிடுச்சு. பேசப்போறது நீங்கதான்" என்றாள் டீம் லீடர். தொழிற்சாலையிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு அங்கே அந்தப் பெயர். அவள் அவரைவிடப் பத்து வயது இளையவள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கா?"

"உங்க கட்டம்தான் காலியா இருக்கே!"

சுவரில் தொங்கியது அந்தத் தாள். இந்த ஆலோசனை நிறுவனத்தில், மாதப் பிறப்பன்றே விட்டுக்கொடுக்க முடியாத நேரத்தை அவரவர் கட்டத்தில் எழுதிவிட வேண்டும். அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள். நேற்று முளைத்ததுகள்கூட நீச்சல், கிடார் என்று எழுதியிருந்தன. லீவு கேட்பவனைச் சோம்பேறி என்று பதினாறு வருடம் தொழிற்சாலையில் திட்டிப் பழகியவர் அவர். சேர்ந்த ஆறாவது வாரமே பெயர் கெடுவானேன் என்று பேனாவைத் தொடவில்லை.

போன் அதிர்ந்தது. மனைவி.

"கிளம்பிட்டீங்களா?"

"வந்துட்டே இருக்கேன்" என்று புளுகிவிட்டு வைத்தார். தலைவலி என்று நழுவிவிடலாமா? ஒரு பொய் போதாதா!

"மேடம், நாலு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்." மென்று முழுங்காமல் விஷயத்தை உடைத்தார்.

அவள் முகம் சிவந்தது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

"அடக் கடவுளே! எழுதியிருந்தா மீட்டிங்கை நாளைக்குத் தள்ளியிருப்பேன். இப்ப உருளப்போறது என் தலை!" மார்க்கரை அவர் கையில் திணித்தாள். "மீட்டிங்ல நானே பேசறேன். க்ளையண்டை எந்த மெஷினை நிறுத்தச் சொல்றோம், ஏன்? பத்து நிமிஷம். எனக்குப் புரியாம நீங்க நகர முடியாது."

வெள்ளைப் பலகையில் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். எதிர்க்கேள்விகள் சாட்டையாக விழுந்தன. பன்னிரண்டாவது நிமிடம் கதவைக் காட்டினாள். "ஓடுங்க. நாளைக்குக் காலைல உங்களுக்குக் கச்சேரி இருக்கு."

அவர் வாசலை மிதித்தபோது நாலடிக்க மூன்று நிமிடம். அதிகாரியம்மா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். மனைவியின் பார்வை சுட்டது.

"குழந்தைக்குத் திடீர்னு காய்ச்சல்னா, வேலையை விட்டு வருவீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

'கண்டிப்பா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"இதுவரைக்கும் லீவு கேட்கவே தெரியாதுங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்."

"விட்டாங்களா?"

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட பிறகு."

அதிகாரி சிரிக்கவில்லை. ஏதோ இரண்டு வரி எழுதினார். பிறகு எழுந்தார்.

"குழந்தை தூங்கப்போற அறை எது? காட்டுங்க."