கழித்தலில் காணாமல் போன அக்கா

மூளைக்காரி என்று வீட்டில் அவளைக் கூப்பிடுவது மூளை அதிகம் என்பதற்காக இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் மூளையை ஸ்கேன் மெஷினில் படம் பிடிப்பது அவள் வேலை. ஒரு முகத்தைக் காட்டினால் மண்டைக்குள் எந்த இடம் சுறுசுறுப்பாகிறதோ, அந்த இடம் திரையில் ஆரஞ்சு நிறமாக எரியும். இதையெல்லாம் வெட்டி வேலை என்றுதான் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், தனக்கே ஒருநாள் தேவைப்படும் வரை.

"உங்க அத்தான் மண்டைக்குள்ள நான் இருக்கேனான்னு பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா. "கல்யாணமான நாள்லேருந்து நான் பேசுறேன், அவர் ம் கொட்டுறார். உள்ள ஒண்ணுமே எரியலன்னா சொல்லிடு. பெட்டியோட உன் வீட்டுக்கே வந்துடுறேன்."

மூளைக்காரியின் வீடு ஒரே அறை, ஒரே கட்டில். அக்காவோ சொன்னதைச் செய்கிற ரகம். அதோடு, அத்தானை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். அந்த மனுஷனைத் தனியாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அத்தான் மறுபேச்சில்லாமல் வந்தார். மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு மெஷினுக்குள் படுத்தார்.

"முகம் முகமா வரும் அத்தான், பாருங்க. நடுவுல வெறும் கூட்டல் குறி வரும். அப்ப எதையும் நினைக்காம சும்மா படுத்திருங்க."

அக்கா கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்தாள். காட்டிய முகங்கள் மூன்று: அக்கா, யாரோ ஒரு தபால்காரம்மா, அந்தக் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். பின்னவர்கள் இரண்டு பேரும் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடித்தது. தபால்காரம்மாவுக்கு நன்றாகவே எரிந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மண்டை முழுக்க ஜெகஜ்ஜோதி. அக்காவுக்கு ஒன்றுமில்லை, கும்மிருட்டு.

"யாருடி அந்த ஆளு?" என்றாள் அக்கா.

மூளைக்காரியின் மேலதிகாரியான பேராசிரியர் ஓடி வந்தார். கணவன் மூளையில் மனைவி இல்லாதது அவருக்கு வியப்பாக இல்லை, மெக்கானிக் இருப்பதுதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. உடனே ஆளனுப்பினார். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கியிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு வந்து நின்றார் மெக்கானிக். விஷயம் முழுதும் அவருக்கு விளக்கப்பட்டது.

"எவ்வளவு நாள் பழக்கம்?" என்று அக்கா விசாரித்தாள்.

"நான் அவரப் பாத்ததே இல்லீங்கம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

பேராசிரியர் மெக்கானிக்கை ஜன்னலோரமாக நிறுத்தி, பக்கவாட்டில் படமெடுக்கத் தொடங்கினார். அக்கா தங்கையிடம் திரும்பி, "கட்டில்ல சுவர்ப் பக்கம் எனக்கு" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

மூளைக்காரிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்தக் கணக்கு உறைத்தது. சும்மா படுத்திருக்கும்போது எடுத்த படத்தை, முகம் பார்க்கும்போது எடுத்த படத்திலிருந்து கழிப்பாள். மிஞ்சுவது அந்த முகத்தின் பங்கு. சும்மா இருக்கிறவர் மூளையும் சும்மா இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. கழிக்காத படங்களைத் திறந்தாள். அக்கா முகத்துக்கு எரிந்த அதே இடங்கள், அதே அளவுக்கு, கூட்டல் குறிக்கும் எரிந்துகொண்டிருந்தன.

மைக்கை அழுத்தினாள். "அத்தான், கூட்டல் குறி வந்தப்ப என்ன நெனச்சீங்க?"

"நீதான் எதையும் நினைக்காதன்னியேம்மா."

"பரவால்ல, சொல்லுங்க."

"உங்க அக்காவத்தான். சும்மா படுத்தா வேற யார் நெனப்பு வரும்? இப்படிப் படுத்துக் கெடக்கேன்னு திட்டுவாளோ, காலைல சாப்பிடாம வந்தாளே, இப்படித்தான். தப்பாம்மா?"

மைக்கை அணைத்துவிட்டு அக்காவுக்குக் கணக்கை விளக்கினாள். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அதைப் போய் எதுக்குடி கழிச்சே?"

மூளைக்காரி கழிக்காத படத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள்.

"நானும் படுக்கிறேன்" என்று எழுந்தாள் அக்கா. "என் மண்டைக்குள்ள அவர் இருக்கிறத அவரும் பாக்கட்டும்."

அத்தானை வெளியே வரவைத்து, அவளை உள்ளே படுக்க வைத்தார்கள். அத்தான் மெக்கானிக் பக்கத்தில் நின்றார், இருவரும் கூச்சத்தோடு பேசிக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டர் இந்த முறையும் கழித்தே காட்டியது. அத்தான் முகத்துக்கு அக்காவின் மண்டை தகதகவென்று எரிந்தது.

வெளியே வந்த அக்கா திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கழித்தும் இவ்வளவு மிஞ்சினால், சும்மா படுத்திருந்த நேரத்தில் அத்தான் அவள் மண்டைக்குள் இல்லவே இல்லை. இப்போது அது அவளுக்குப் புரியும். தங்கையின் காதோரம் குனிந்தாள்.

"குளியலறைக் குழாய் சொட்டுதுல்ல. அதையே நெனச்சிட்டிருந்துட்டேன்டி."

அத்தான் வாய் பிளந்து திரையைப் பார்த்தார். "இவ்வளவும் நானாம்மா?"

உண்மையைச் சொன்னால் அக்கா மாட்டிக்கொள்வாள்.

"ஆமா அத்தான். எல்லாம் நீங்கதான்."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைத் தயங்கித் தயங்கிப் பிடித்தார்.

"என் படம் வெறும் இருட்டா இருந்துச்சாமே, மெக்கானிக் சொன்னார்" என்றார். "மன்னிச்சிரு. இனிமேயாவது உன்ன நினைக்கப் பாக்குறேன்."