கறுப்பு முட்டாய்

“மண்ணு கரைச்சு ஊத்தியாச்சு, பொன்னு ஒரசி ஊத்தியாச்சு. இன்னும் இன்னாதான்டி வோணும் உனுக்கு?”

அங்காளம்மாள் கேட்டது, கட்டிலில் கண் மூடிக் கிடந்த கஸ்தூரியம்மாளை. பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும், டிரைவர் ஹாரன் அடிக்கிறான், நீ இன்னும் கூடையைத் தூக்காமல் நிற்கிறாயே என்று அதட்டுகிற அதே குரல். முப்பது வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து மீன் கூடையோடு பொன்னேரி பஸ் ஏறியவர்கள். அந்த உரிமை.

வயிற்றுக்கட்டி முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. நாலு நாளாகச் சோறும் இல்லை, தண்ணியும் இல்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டைக்குழி பள்ளமாகி எழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்களை அறியாமலே அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.

மனதில் ஆசை எதுவாவது தங்கிவிட்டால் உயிர் பிரியாது. அதைக் கண்டுபிடித்து ஒரு சொட்டாவது நாக்கில் வைத்தால் நிம்மதியாகப் போய்ச் சேரும். குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. என்ன ஆசை என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. காலையில் அம்மன் கோயில் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். பிறகு மகள் மனோரமா தன் தாலிக்குண்டைக் கல்லில் உரசி, அந்தத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தாள். மகன் முரளி படகை எடுத்துக்கொண்டு போய் முகத்துவாரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வந்தான். கடைசியாக மடவை மீன் குழம்பின் தெளிவு. எல்லாம் கடைவாய் வழியாக வெளியே வந்து தலையணையை நனைத்தன.

“நைனா போட்டோவ காட்டலாமா பெரிம்மா?” என்றாள் மனோரமா.

“அந்தாள பாத்தா இது எழுந்து உக்காந்து சண்ட போடும்டி. சும்மா இரு.”

துக்கத்துக்கு நடுவில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கால்மாட்டில் உட்கார்ந்து மாமியாரின் பாதத்தை நீவிக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆசை என்னவென்று அவளுக்குத் தெரியும்.

முந்தாநாள், நாக்கு கொஞ்சம் புரண்டுகொண்டிருந்தபோது, அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டத்தில் இழுத்தாள். “அந்த கறுப்பு முட்டாயி...” என்றாள். அதற்குள் அங்காளம்மாள் வெற்றிலைப் பையோடு உள்ளே நுழைந்தாள். அத்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்தான். அப்புறம் பேச்சே வரவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஜெஸ்ஸி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கறுப்பு முட்டாயில் ரம் இருந்தது.

கஸ்தூரியம்மாளுக்கும் குடிக்கும் உள்ள பகையைப் பழவேற்காட்டைச் சுற்றி எந்தக் குப்பத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, புருஷன் தருமலிங்கம் மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஏரிக்குப் போனார். விடிந்ததும் படகு மட்டும் கரைக்கு வந்தது. காரியம் முடிந்த மறுநாள் இந்த அம்மாள் முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு சவுக்குத்தோப்புக்குப் போய், அங்கே சாராயம் விற்றவனின் பானைகளை ஒன்றுவிடாமல் உடைத்தாள். அன்றிலிருந்து குப்பத்துக்குள் பாட்டில் வரக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. கட்டுப்பாட்டுக்குக் காவலும் அவளேதான். பொழுது சாய்ந்தால் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். வருகிறவன் யாராயிருந்தாலும், “ஊதுடா.” மனோரமாவைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளையையே ஊதச் சொன்னவள். அவர் பயந்துபோய் இரண்டு தடவை ஊதினார்.

அந்த வீட்டுக்குத்தான் முரளியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தாள் ஜெஸ்ஸி. ஏழு மாதம் மாமியார் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைச் சுவரில் தட்டுவாள், அவ்வளவுதான். டிசம்பர் வந்தது. ஜெஸ்ஸி போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஃபட்ஜ் என்கிற சாக்லேட் மிட்டாயைச் செய்து மீஞ்சூர் அபார்ட்மெண்ட்டுகளுக்கு ஆர்டர் அனுப்புகிறவள். கிறிஸ்துமஸ் ஆர்டருக்காக அவள் அண்ணன் வாங்கிக்கொடுத்த ரம்மை இருமல் மருந்து பாட்டிலில் மறைத்துவைத்துக்கொண்டு, பயந்து பயந்து கிளறினாள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் ஆறு துண்டு குறைந்தது.

“அந்த கறுப்பு முட்டாய்ல இன்னா போட்ட?” ஏழு மாதத்தில் மாமியாரின் முதல் பேச்சு.

ஜெஸ்ஸி தட்டை மூடிவைத்தாள். “எசென்ஸ் அத்தை.”

கஸ்தூரியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பத்தடி தூரத்தில் ஒரு மூடி குடித்தவனைக் கண்டுபிடிக்கிற மூக்கு அது. “எசென்ஸா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வலை பின்னப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, முரளி கடலுக்குப் போன விடியற்காலையில், அடுப்படி வாசலில் வந்து நின்றாள். “இன்னா, எசென்ஸு தீந்துபூட்சா?”

அதற்குப் பிறகு நாலு வருஷம். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஒரு தட்டு. இரண்டு பேரும் அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆளுக்கு நாலு துண்டு. அப்போதுதான் அத்தை வாய்விட்டுச் சிரித்து ஜெஸ்ஸி பார்த்திருக்கிறாள். அது என்ன எசென்ஸ் என்று அவளும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

இப்போது, “பெரிம்மா, அத்தைக்கு ரம் போட்ட முட்டாய் வேணுமாம்” என்று இந்தக் கூடத்தில் சொல்லிவிட முடியுமா? வாசலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை ஆம்பளையும் ஒருகாலத்தில் அவள் எதிரே நின்று ஊதியவன்தான். ஒரே வாக்கியத்தில் இருபது வருஷம் போய்விடும். சொல்லாவிட்டால் இதோ, அந்தத் தொண்டைக்குழி.

ஜெஸ்ஸி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஃபட்ஜ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டின் பாலை அகலச் சட்டியில் ஊற்றி, சாக்லேட்டை உடைத்துப் போட்டு, வெண்ணெய் ஒரு கட்டி, உப்பு ஒரு சிட்டிகை. தீ சின்னதாக இருக்கவேண்டும். கரண்டியை நிறுத்தக்கூடாது. பத்து நிமிஷத்தில் சட்டியின் ஓரத்தை விட்டுக் கூழ் சுருண்டு வரும், கரும்பட்டு மாதிரி மினுமினுக்கும். அடுப்பை அணைத்த பிறகுதான் ரம். சூட்டில் ஊற்றினால் வாசனை எல்லாம் கூரைக்குப் போய்விடும். அத்தைக்கு வாசனை முக்கியம். ஜெஸ்ஸி இரண்டு மூடி ஊற்றினாள். யோசித்தாள். மூன்றாவது மூடியும் ஊற்றினாள்.

“இன்னா வாசன இது?”

வெந்நீர் எடுக்க வந்த மனோரமா, வாசற்படியில் நின்றிருந்தாள். அதே வீட்டில் வளர்ந்த மூக்கு. நேராக வந்து இருமல் மருந்து பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள்.

“எதுக்குடி இது?”

சொல்ல ஒரு விநாடி போதும். உங்கம்மாவுக்குத்தான் அண்ணி. ஜெஸ்ஸி கரண்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த அண்ணியின் தலை ஒரு விரற்கடை உயரும். அதையும் நினைத்துப் பார்த்தாள்.

“ஆர்டர் அண்ணி. நாளைக்கு மீஞ்சூர்ல ஒரு பர்த்டே.”

மனோரமா கத்தவில்லை. கத்தினால் வாசல்வரை கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, மிக மெதுவாகச் சொன்னாள். “எங்கம்மா அங்க உசுர வுட முடியாம கெடக்குது. நீ இங்க வியாபாரம் பண்ணிகினு கீற. அதுவும் இத ஊத்தி. எங்க நைனாவ முழுங்கின கருமத்த இந்த வூட்டு அடுப்புல...” குரல் உடைந்தது. “உன்ன எங்கம்மா மருமவன்னு ஏத்துகினுச்சு பாரு. அதான் அது செஞ்ச தப்பு. அது தலமாட்டுப் பக்கம் இனிமே வராத. செத்தாலும் வராத.”

பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு, வெந்நீரை எடுக்காமலே போனாள்.

ஜெஸ்ஸி சட்டியின் முன் நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். சட்டிக்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் ஃபட்ஜ் கெட்டிப்படாது. பிறகு கூழைத் தட்டில் ஊற்றினாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. முரளியின் இறால் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை ஒதுக்கித் தட்டை அதற்குள் வைத்தாள். முழுசாக இறுக மூன்று மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது?

மூன்று மணிக்கு டீக்கேன் வந்தது. காலையிலிருந்து பட்டினியாக இருந்த பெண்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார்கள். மனோரமாவையும் அங்காளம்மாள் இழுத்துக்கொண்டு போனாள். “நீ வுழுந்தா யாரு தூக்குறது? ஒரு வாய் குடிச்சுட்டு வா.”

கூடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும். ஜெஸ்ஸி தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். வரக்கூடாது என்று சொன்ன இடம். பாதி இறுகிய ஃபட்ஜை நகக்கண் அளவு எடுத்து, வெடித்த உதட்டை விலக்கி, நாக்கின் மேல் தடவினாள்.

“அத்தை. நான்தான்.”

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ சர்க்கரை கேட்டார்கள். சாக்லேட் உருகி நாக்கின் ஓரத்துக்கு இறங்கியது. அப்போது நாக்கு அசைந்தது. மெதுவாக வெளியே வந்து, மேலுதட்டைத் தேடி, ஒட்டியிருந்ததை நக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நாலு நாளில் முதல்முறையாக ஒன்று உள்ளே போயிற்று.

ஜெஸ்ஸி இன்னொரு விரல் வைத்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவதற்கு அத்தையின் இடது புருவம் லேசாக உயர்ந்தது. வியாபாரி நண்டுக்கு நல்ல விலை சொல்லும்போது உயர்கிற அந்தப் புருவம். ஜெஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது.

வாசலில் செருப்புச் சத்தம். தட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு மூச்சு இழுக்கவில்லை. நீளமாக, இடைவெளி விட்டு, அலையில்லாத நாளில் ஏரி கரையைத் தொடுவதுபோல வந்து போனது. நாலரை மணிக்கு மனோரமா பால் ஊற்றினாள். முரளி ஊற்றினான். பிறகு அடுத்த மூச்சுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“மண்ணுதான். அம்மன் மண்ணுதான் கேட்டுச்சு. கொஞ்சம் லேட்டா வேல செஞ்சுது,” என்றாள் அங்காளம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் குளிப்பாட்ட ஏற்பாடு செய்தார்கள். ஜெஸ்ஸி கதவோரம் நின்றாள். மனோரமா ஈரத்துணியால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், மூக்கோரம். வாயின் ஓரத்தில் துணி நின்றது. கறுப்பாக, எறும்பளவு, ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

கொண்டுபோன கை இறங்கவில்லை.

“இன்னாடி அது?” மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்த அங்காளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

ஜெஸ்ஸி கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மனோரமா நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் வலி எதுவும் மிச்சமில்லை.

“மருந்து பெரிம்மா,” என்றாள். துணியை அலசிப் பிழிந்து, அந்த இடத்தை இன்னும் இரண்டு தடவை துடைத்தாள்.

புதுப்புடவை சுற்றி வாசலில் கிடத்தியதும் பெண்கள் வட்டமாகச் சூழ்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ஜெஸ்ஸி தூணுக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

“இன்னாடி அங்க நிக்கிற?” மனோரமா வட்டத்திலிருந்து ஒரு கையைப் பிரித்து நீட்டினாள். “வா.”

ஜெஸ்ஸி போய் உட்கார்ந்தாள். அண்ணியின் கை அவள் கழுத்தை வளைத்துத் தன்னோடு இறுக்கியது. இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. “கூட தூக்கி வளத்த தாயே” என்று மனோரமா குரலெடுத்தாள். அங்காளம்மாளும் மற்றவர்களும் அதை வாங்கிக்கொண்டு மேலே ஏற்றினார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில், மனோரமாவின் ஈர உதடு ஜெஸ்ஸியின் காதோரம் வந்தது.

“நல்லா சாப்டுச்சாடி?”